பஸ் ஒத்துக்காதவள் மும்பை பார்த்த ஐந்து நாள்

ஜெரால்டு,

சுகமா என்று கேட்டுத் தொடங்கினால் நீ கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு மீதியைப் படிக்காமல் போய்விடுவாய். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். போன மாதம் நான் மும்பையில் இருந்தேன். ஐந்து நாள், ஒத்தையில். நீ வேலைக்குப் போய்வரும் அதே லோக்கல் ரயிலில் ஏறி இறங்கினேன். நீ ஒரு தடவைகூடக் கூட்டிப்போய்க் காட்டாத கடலைப் பார்த்தேன். திரும்பி வந்து திண்டுக்கல் வீட்டைத் திறந்து வாசல் தெளித்தேன். உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் போனேன், இப்போது தெரியட்டும் என்று எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் வீடு மந்திரிப்பு வீடியோவை நீ நம் குடும்பக் குரூப்பில்தானே போட்டாய்? நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். அந்த நாற்பத்தொரு பேரும் இதையும் படிக்கட்டும். உன் சித்தப்பா கண்ணாடியைத் தேடி எடுக்கும்வரை நான் வேண்டுமானால் காத்திருக்கிறேன்.

அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. முலுண்டில் பதினோராம் மாடியில் புது வீடு. மந்திரிக்க வந்த சாமியார் நம் பக்கத்துத் தமிழ் பேசுகிறார். உன் மாமியார் சென்னையிலிருந்து விமானத்தில் வந்து பட்டுச்சேலையில் நிற்கிறார். அவர் கையில் திருஇருதய ஆண்டவர் படம். நம் குடும்பத்தில் புது வீட்டுக்குள் முதலில் போவது அந்தப் படம், அதைக் கையில் ஏந்தி வாசல் தாண்டுவது வீட்டுக்காரரைப் பெற்றவள். இது உனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. உன் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது மெழுகுதிரி பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவனே நீதான். என்னிடம் போனில் என்ன சொன்னாய்? "சும்மா சின்ன ஜெபந்தாம்மா, யாரையும் கூப்பிடல. ஈஸ்டருக்குப் பெருசா வச்சுக்கலாம், அப்ப வாங்க." நானும் நம்பினேன். உன் வீட்டுக்கென்று ஒரு படம் வாங்கி, கடைவீதியில் தேக்குச் சட்டம் போட்டு, பீரோவில் துணி சுற்றி வைத்திருந்தேன். வீடியோவில் ஒரு நிமிஷம் கழித்துச் சாமியார் கேட்கிறார், "தம்பி, அம்மா வரலையா?" நீ சிரித்துக்கொண்டே சொல்கிறாய், "அம்மாவுக்கு டிராவல் ஒத்துக்காது ஃபாதர். பஸ்ல ஏறினாலே வாந்திதான்." சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். உன் மாமியார் படத்தோடு உள்ளே போகிறார்.

எனக்கா பஸ் ஒத்துக்காது? சேவுகம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நான் பத்தொன்பது வருஷம் டீச்சர். காலையில் ஆறே முக்காலுக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஏறி, வத்தலக்குண்டில் இறங்கி, அடுத்த பஸ் மாறி, சாயங்காலம் அதே வழியில் திரும்பி வந்தவள். ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கிறேன். காலடியில் கோழிக்கூடையும் வெங்காய மூட்டையும் இருக்கும். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு போனதும் அதே பஸ்தான், அப்போதுகூட ஜன்னலுக்கு வெளியே நான் தலையை நீட்டினதில்லை. பொய் சொல்வது பாவம் என்று உனக்கு ஞானோபதேசம் எடுக்க வரவில்லை. சொல்வதாக இருந்தால் நாலு பேருக்குத் தெரியாத பொய்யாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் குரூப்பில் பாதிப்பேர் என்னோடு அந்த பஸ்ஸில் வந்தவர்கள். உன் பொய்யைப் பார்த்து எனக்கு அன்று ஒருத்தர்கூடப் போன் செய்யவில்லை. என் முகத்துக்கு நேராகச் சிரிக்க வேண்டாம் என்று விட்டிருப்பார்கள்.

அன்றைக்கே முடிவு செய்தேன். சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, நீ "சரிம்மா சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாய். மும்பைக்கு நானே வருவது, உன்னைத் தவிர அந்த ஊரில் எல்லாவற்றையும் பார்ப்பது, கடைசி நாள் தேக்குச் சட்டம் போட்ட படத்தோடு உன் வாசலில் வந்து நிற்பது. உன் மாமியார் இன்னும் அங்கேதான் இருந்தார், அதையும் விசாரித்து வைத்திருந்தேன். அவர் கதவைத் திறக்க வேண்டும். "பஸ், ரயிலு, படகு எல்லாம் ஒத்துக்கிச்சு சம்பந்தி" என்று சொல்லிக்கொண்டே படத்தை நீட்ட வேண்டும். உன் முகத்தில் இருக்கும் ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று நான் பார்க்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வரும் மும்பை ரயிலில் திண்டுக்கல்லில் ஏறி, ஒன்றரை நாளும் இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனேன். நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன். எனக்குத் தெரிந்த கன்னியாஸ்திரி ஒருவர் சொல்லி, பைக்குல்லாவில் கன்னியர் நடத்தும் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தது.

முதல் நாள் கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போனேன். அம்புட்டுப் பெரிய வாசலைக் கடலைப் பார்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள், கதவு இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். இந்த ஊரில் இருந்துகொண்டு என் மகனுக்கு ஒரு வாசலைத் திறக்க மனசு வரவில்லையே என்று அங்கேயே உன்னைத் திட்டினேன். தூரத்தில் சாம்பல் நிறத்தில் கப்பல்கள் நகராமல் நின்றன. கழுத்தில் கேமரா மாட்டிய ஒருத்தர் விடாமல் பின்னாலேயே வந்தார். சரி என்று நின்றேன். கையில் பையை வைத்துக்கொண்டு, வாசலுக்கு முன்னால், சிரித்தபடி. அந்த போட்டோவைத்தான் இதற்குக் கீழே போட்டிருக்கிறேன், பெரிதாக்கிப் பார். பைக்குள் சதுரமாகத் தெரிவது உன் வீட்டுப் படம்.

இரண்டாம் நாள் காலையில் பாந்திராவில் மலைமேல் இருக்கும் மாதா கோவிலுக்குப் போனேன். வாசலில் மெழுகில் கை, கால், தலை, வயிறு, குழந்தை, வீடு என்று செய்து விற்கிறார்கள். எது சரியில்லையோ அதை வாங்கி மாதா முன்னால் வைத்து வேண்டிக்கொள்ள வேண்டும். கடைக்காரம்மா நான் தடுமாறுவதைப் பார்த்துக் காலை எடுத்து நீட்டினார். என் காலுக்கு ஒரு குறையும் இல்லை என்று சைகையில் சொல்லி, நாக்கு இருக்கிறதா என்று என் நாக்கை நீட்டிக் காட்டிக் கேட்டேன். நாக்கு இல்லையாம். வீட்டை வாங்கினேன். மாதா முன்னால் வைத்துவிட்டு, உன் வீட்டுக்காக நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதைச் சொல்லமாட்டேன். நல்லதாக வேண்டிக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அன்று சாயங்காலம் மெரைன் டிரைவ் கட்டைச் சுவரில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போதுதான் நீ போன் செய்தாய். ஞாபகம் வருகிறதா?

"என்னம்மா பண்றீங்க?"

"சும்மாதான்யா உக்காந்துருக்கேன்."

"என்னமோ தண்ணிச் சத்தம் கேக்குது?"

"மாடி டேங்க் நிறைஞ்சு வழியுது."

"மோட்டார ஆஃப் பண்ணுங்கம்மா மொதல்ல. கரண்டு, தண்ணி எல்லாம் வீணாப்போகுது."

அரபிக்கடலை ஆஃப் பண்ணச் சொன்ன ஒரே ஆள் நீதான். போனை வைத்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதல் ஜோடி எழுந்து தள்ளிப்போய்விட்டது. உன்னை ஏமாற்றுவது இம்புட்டு ருசியாக இருக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் இத்தனை வருஷம் உண்மை பேசி வீணாகியிருக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் எலிஃபென்டா தீவுக்குப் படகில் போனேன். ஒரு மணி நேரம் ஆகிறது. துறைமுகத்தின் கிரேன்கள், எண்ணெய்க் கப்பல்கள், துருப்பிடித்துக் கிடக்கும் இழுவைப் படகுகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனோம். பாதிக் கடலில் அலை கொஞ்சம் கூடிவிட்டது. என் பக்கத்தில் புதுசாகக் கல்யாணமான ஒரு வடக்கத்திப் பெண். முகம் வெளுத்து, புருஷன் தோளைப் பிடித்தாள், அவன் செல்ஃபி எடுப்பதில் இருந்தான். அவள் குனிந்ததும் நான் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். இரண்டு தடவை எடுத்தாள். வாயைக் கழுவத் தண்ணீர் கொடுத்து, என் பையிலிருந்த சுக்கு மிட்டாயை நாக்கில் வைத்துவிட்டேன். அவள் என் மடியில் சாய்ந்து, "ஸாரி ஆன்ட்டி, ஸாரி ஆன்ட்டி" என்றாள். எனக்குத் தலைகூடச் சுற்றவில்லை. இந்த வாந்தி எடுக்கிற கதையை என் மகன் எங்கிருந்து பிடித்தான் என்று அப்போதுதான் யோசித்தேன். யோசித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

உனக்குப் பத்து வயசு. உன் அப்பாவின் தங்கை லூர்து அத்தை, சித்தையன்கோட்டையில் விதைக்கடைக்குப் பின்னால் புது வீடு கட்டினாள். நம் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "மதினி, நீங்கதான் படத்த எடுத்துட்டு வரணும். எங்க அம்மாவும் இல்ல, அவுக அம்மாவும் இல்ல. நீங்க வந்தாத்தான் எனக்கு மனசு நெறையும்." அதற்கு ஆறு மாசம் முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் இதே லூர்து, "டீச்சர் வேலைக்குப் போறவக இம்புட்டுச் சாயம் போன சேலையக் கட்டிட்டு வரலாமா" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருந்தாள். அவள் விளையாட்டாகக் கேட்டாள். நான் அதை முடிந்து வைத்திருந்தேன். "பஸ்ஸு எனக்கு இப்ப ஒத்துக்க மாட்டேங்குது லூர்து. நேத்துகூட ஒரே வாந்தி" என்றேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஆமாத்த, ரெண்டு வாட்டி எடுத்தாங்க" என்றாய். அவள் போனதும் உனக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். கெட்டிக்காரன் என்று தலையைத் தடவினேன். மறுநாள் காலை ஆறே முக்கால் பஸ்ஸில் வழக்கம்போல சேவுகம்பட்டிக்குப் போனேன். லூர்து தன் வீட்டுப் படத்தைத் தானே தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள் என்று உன் அப்பா வந்து சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை.

அந்தப் பொய்யை நான்தான் உனக்கு வாங்கிக் கொடுத்தேன், தேன்மிட்டாயோடு சேர்த்து. நீ அதை இருபத்தாறு வருஷம் பத்திரமாக வைத்திருந்து என்மேலேயே எடுத்திருக்கிறாய். அந்தத் தீவில் குகைக்குள் மூன்று முகத்தோடு பெரிய சிலை ஒன்று இருக்கிறது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வயசான அம்மா படி ஏறின களைப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து ஒருத்தர் விசிறிவிட்டார். திரும்பும் படகில் என் கோபம் பாதியாகிவிட்டது. உன்னை அவமானப்படுத்த வேண்டாம், படத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று மனசு இறங்கியது. இதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அடுத்து நடந்தது அதற்குப் பிறகுதான்.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. முலுண்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் உன் குடியிருப்பின் கேட்டுக்கு வந்தேன். செக்யூரிட்டி என்னைவிட இரண்டு மூன்று வயசு சின்னவராக இருக்கலாம், நரைத்த மீசை. எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. "மதர்" என்றேன். உன் பேரைச் சொன்னேன். "திண்டுக்கல்" என்றேன். அவருக்குப் புரிந்தது. எழுந்து நின்று, தன் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். பிறகு உன் வீட்டுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். உன் குரல் வந்தது. நல்ல குரல், உன் அப்பா குரல் மாதிரியே. நீ இந்தியில் ஏதோ சொன்னாய். எனக்குக் காதில் விழுந்தவை மூன்றே மூன்று சொல். மதர். டிராவல். ஃப்ராடு. இந்த மூன்றையும் அடுக்கிப் பொருள் சொல்ல இந்தி படித்திருக்க வேண்டியதில்லை. 'என் அம்மா எங்கேயும் டிராவல் பண்ணமாட்டார், வந்திருப்பது யாரோ ஃப்ராடு, அனுப்பிவிடுங்கள்.' செக்யூரிட்டி என்னைப் பார்த்துவிட்டு உன்னிடம் மறுபடி ஏதோ கெஞ்சலாகச் சொன்னார். நீ போனை வைத்துவிட்டாய்.

இப்போது ஞாபகம் வருகிறதா ஜெரால்டு? அந்த வெள்ளிக்கிழமை கேட்டில் வந்து நின்ற ஃப்ராடு நான்தான்.

என் போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். நீ பதறி லிஃப்டுக்குக்கூட நிற்காமல் ஓடிவந்திருப்பாய், எனக்குத் தெரியும். 'அவனுக்கு என்ன தெரியும், டேங்க் வழிகிறது என்று நீதானே சொன்னாய், அதை நம்பித்தானே சொன்னான்' என்று என் மனசே உன் பக்கம் எழுந்து நின்று பேசியது. அதை உட்காரச் சொன்னேன். சாமியாருக்குச் சொன்ன பொய்யை நீயே நம்புகிற அளவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். சேவுகம்பட்டி பஸ்ஸிலிருந்து நான் இறங்கும்போது ஓடிவந்து பையை வாங்கிய பிள்ளைக்கு, அம்மா எங்கேயும் போகமாட்டாள் என்று அத்தனை நிச்சயமாக எப்படித் தெரிந்தது? செக்யூரிட்டி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "ராங் அட்ரஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் நம்பவில்லை. ஆட்டோ வரும்வரை என் பையை அவரே பிடித்துக்கொண்டு நின்றார். இனிமேல் அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல். அன்று உன் அம்மாவுக்கு நாற்காலி போட்டது அவர்தான். ஆனால் அவர் உன்னைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஐந்தாம் நாள் ரயிலேறினேன். வீட்டுக்கு வந்து குளித்து, காலைப் பூசை பார்த்தேன். அடுத்த வாரம் அதே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சித்தையன்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வருஷமாக நான் அந்த வாசலுக்குப் போனதில்லை, நல்லது கெட்டதுக்கு லூர்துதான் இங்கே வந்து போவாள். விதைக்கடையைத் தாண்டி உள்ளே போனேன். லூர்து வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முட்டிவலியில் நடை போய்விட்டது, பேச்சு போகவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள்.

"பஸ்ஸு ஒத்துக்கிச்சா மதினி?" என்றாள்.

நின்ற இடத்திலேயே பையிலிருந்து படத்தை எடுத்தேன். அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். தேக்குச் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். யாருக்கு வாங்கியது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும், அவளும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறாள், வீடியோவை அவளும் பார்த்தவள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வாசலுக்கு வெளியவே இருங்க மதினி. செத்த நேரம் நில்லுங்க, மெழுகுதிரி எடுத்துட்டு வாரேன்" என்றாள். சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், பற்றவைத்துக்கொண்டு வந்தாள். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றேன். அவள் முன்னால் நொண்டி நடக்க, நான் படத்தை ஏந்திக்கொண்டு அந்த வாசலைத் தாண்டினேன். பழைய படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினோம். பிறகு அவரைக்காய் வெஞ்சனத்தோடு சாப்பிட்டோம். சாயம் போன சேலையைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆகவே உன் வீட்டுக்கு வாங்கிய படம் இனி உனக்குக் கிடையாது. ஈஸ்டருக்குப் பெரிதாக வைப்பதாக இருந்தால் உன் மாமியாரையே மறுபடி எடுத்துவரச் சொல். நான் வரமாட்டேன், காரணமாக எந்த வியாதியையும் சொல்ல வேண்டாம். அம்மா பழிவாங்குகிறாள் என்றே சாமியாரிடம் சொல், அது உண்மை. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து அது பேச ஆரம்பிக்கும்போது, பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ என்ன பொய் சொல்கிறாய் என்று பார்த்துக்கொள். பிள்ளைகள் மறப்பதில்லை. அடுத்த மாசம் நான் கொச்சிக்குப் போகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அங்கேயும் துறைமுகம் இருக்கிறதாம், படகு இருக்கிறதாம். அந்த ஊரில் உனக்குத் தெரிந்தவர்கள் யாரும் குடியிருக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய சௌகரியம்.

நீ திண்டுக்கல் வந்து மூன்று வருஷம் ஆகிறது. லீவு இல்லை, டிக்கெட் இல்லை, உடம்பு சரியில்லை. இதைப் படித்துவிட்டு நீ இன்றைக்கோ நாளைக்கோ கிளம்பி வருவாய் என்று எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான். வா. கேட் பூட்டியிருக்கும், பெல்லை அடி. நான் உள்ளேதான் இருப்பேன், மெதுவாக வருவேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உன்னை மேலும் கீழும் பார்ப்பேன், பெட்டியைப் பார்ப்பேன். லூர்து என்னிடம் கேட்டதை உன்னிடம் கேட்பேன். பதில் சொன்ன பிறகுதான் திறப்பேன்.

இப்படிக்கு,
சேவுகம்பட்டி பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் போய்வந்த
உன் அம்மா